நாட்டாமைக்கு இன்று லீவு: இன்னொருவர் வீட்டு போக்கர் மேஜையில் விருந்தாளியாக உட்கார்வது எப்படி?

கைக்கு வந்த இரண்டு சீட்டையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டு நான் செய்த முதல் காரியம், மேஜை நடுவே சிதறிக் கிடந்த சிப்ஸை (பணத்துக்குப் பதில் வைக்கும் வட்டுகளை) நிறவாரியாகப் பிரித்து அடுக்கியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த ரவுண்டிலிருந்து நான் விலகியாயிற்று. இன்னும் இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் வீட்டுக்காரர். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சட்டென்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன், சுடுசட்டியைத் தொட்ட மாதிரி.

பல வருடங்களாக என் வீட்டில்தான் ஆட்டம். மேஜை என்னுடையது, சிப்ஸ் என்னுடையது, தகராறு வந்தால் தீர்ப்பும் என்னுடையது. அப்படியே பழகிப்போன ஆள் வேறொருவர் வீட்டுக்கு ஆடப் போனால் என்னென்ன சொதப்புவான் என்பதற்கு நானே நடமாடும் உதாரணம். தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பார்கள். எனக்குப் பூனையாக இருக்கத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள நாலைந்து இரவுகள் ஆயின. அந்த நாலைந்து இரவுகளில் தெரிந்துகொண்டதைக் கிளம்புவதில் தொடங்கி வீடு திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப்போல் சொந்த வீட்டில் ஆட்டம் நடத்துபவர், டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை ஆடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் முதலில் 3 (இதுதான் ஃப்ளாப்), பிறகு 1, பிறகு இன்னொன்று. இடையிடையே நான்கு பெட்டிங் சுற்று: எதிரே வைத்த தொகையைக் கட்டினால் கால், கூட்டினால் ரெய்ஸ், விலகினால் ஃபோல்ட், இருப்பதையெல்லாம் வைத்தால் ஆல்-இன். இது போதும்.

கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அழைப்பு வந்ததும் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு போன் அல்லது மெசேஜ். அதில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுங்கள். துண்டு துண்டாகப் பத்து மெசேஜ் அனுப்பினால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று ஆட்டம் நடத்தும் உங்களுக்கே தெரியும்.

என்ன ஆட்டம்: ஹோல்டெம் மட்டுமா, நடுநடுவே வேறு ஏதாவது உண்டா? கேஷ் ஆட்டமா (சிப்ஸுக்கு நேர் பணம்), டோர்னமென்டா? பிளைண்ட் (சீட்டு விழும் முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயத் தொகை) எவ்வளவு, பை-இன் (உட்காரும்போது சிப்ஸ் வாங்கும் தொகை) குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு? சிப்ஸ் தீர்ந்தால் மறுபடி வாங்கலாமா (இதுதான் ரீபை), எத்தனை முறை? எத்தனை மணிக்கு முதல் சீட்டு விழும், எத்தனை மணிக்கு முடியும்? கணக்கு அன்றைக்கே தீர்க்கப்படுமா, கையில் பணமாகவா, போன் வழியாகவா? இவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி உண்டு, கேட்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (நடுவே சேரும் பந்தயத் தொகையிலிருந்து) வீட்டுக்காரர் தனக்கென்று ஏதாவது எடுக்கிறாரா? நண்பர்கள் கூடி ஆடுவதும், ஒருவர் கமிஷன் எடுத்து ஆட்டம் நடத்துவதும் சட்டத்தின் கண்ணில் பல இடங்களில் வேறு வேறு விஷயம். பணம் வைத்துச் சீட்டாடுவதையே அனுமதிக்காத இடங்களும் உண்டு. சொந்த வீட்டில் ஆடும்போது இதையெல்லாம் ஒருமுறை விசாரித்து முடித்திருப்பீர்கள். வெளியே போகும்போது அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

கேட்கக் கூடாததும் ஒன்று இருக்கிறது: "யார் யாரெல்லாம் வர்றாங்க, எப்படி ஆடுவாங்க?" எத்தனை பேர் என்று கேட்கலாம். எப்படி ஆடுவார்கள் என்பது நீங்கள் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. துணைக்கு ஒருவரை அழைத்துவரலாமா என்று முதல் தடவையே கேட்காதீர்கள். ஒன்பது பேர் மேஜையில் பத்தாவது நாற்காலி போடுவது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு மொத்தமாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பிளைண்ட் 1-2 என்றால் வழக்கமான முழு பை-இன் 200, அதாவது பெரிய பிளைண்டைப்போல் 100 மடங்கு. ஒரு ரீபையும் சேர்த்து இரண்டு பங்கு எடுத்துப் போனால் நிம்மதி. நடத்துபவராக இருக்கும்போது கடைசி நேரத்தில் பீரோவைத் திறந்து பணம் எடுக்கலாம். விருந்தாளியிடம் பீரோ கிடையாது.

உங்கள் சிப்ஸ் பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். வண்டியில்கூட வேண்டாம். "எதுக்கும் இருக்கட்டுமேன்னு கொண்டுவந்தேன்" என்று நான் ஒருமுறை சொன்னபோது அந்த வீட்டு அம்மா சிரித்த சிரிப்பில், சாப்பிடக் கூப்பிட்ட இடத்துக்குச் சொந்தத் தட்டோடு போனவன் போல ஆகிவிட்டேன்.

நேரத்துக்குப் போவது

சொன்ன நேரத்துக்குப் போங்கள். அரை மணி முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். நாற்காலி நகர்த்திக்கொண்டு, சிப்ஸ் எண்ணிக்கொண்டு இருக்கும் வீட்டுக்காரர் உங்களை உட்காரவைத்துப் பேச்சும் கொடுக்க வேண்டியிருக்கும். தாமதமும் வேண்டாம். நான்கு பேர் உட்கார்ந்து ஐந்தாவது ஆளுக்காக வாசலைப் பார்க்கும் வேதனையை அனுபவித்தவர்தானே நீங்கள்?

உள்ளே போனதும் எங்கே உட்காருவது என்று கேளுங்கள். பழைய ஆட்களுக்கு அவரவர் நாற்காலி இருக்கும், எழுதப்படாத பட்டா. சீட்டு இழுத்து இடம் பிரிக்கும் வீடுகளும் உண்டு.

முதல் அரை மணி: கண்ணுக்கு வேலை

இதுதான் முக்கியமான கட்டம், பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடும் கட்டமும் இதுவே. நீங்கள் விதிகளை அறிந்தவர், ஆகவே கவனிக்க ஒன்றுமில்லை என்று மனம் சொல்லும். கவனிக்க நிறைய இருக்கிறது.

முதலில் சிப்ஸின் மதிப்பு. வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 என்பது பரவலான வழக்கம். என் வீட்டிலும் அதே. ஆனால் கடையில் வாங்கும் பெட்டியில் எந்த நிறம் அதிகம் வருகிறதோ அதைச் சின்ன மதிப்புக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். நான் போன இடத்தில் பச்சைதான் 1. ஆரம்பத்திலேயே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். இருபது நிமிடம் கழித்து எனக்கு மூன்று ஒன்பது சேர்ந்தது. நடுவே கிட்டத்தட்ட 60 இருக்கிறது. 50 போடலாம் என்று நினைத்து, பழக்க தோஷத்தில் இரண்டு பச்சையை முன்னால் தள்ளினேன். மேஜை ஒரு கணம் அமைதியானது. 60-க்கு 2 பெட். பெரிய பிளைண்ட் 2 என்பதால் அது செல்லுபடியான பெட்தான், திருப்பி எடுக்க முடியாது. நான்கு பேரும் கிட்டத்தட்ட இலவசமாக அடுத்த சீட்டைப் பார்த்தார்கள். அதில் ஒருவருக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) முடிந்தது. அதன் பிறகு என் மூன்று ஒன்பதுக்கு வேலையில்லை.

அன்றிலிருந்து புது வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: சிப்ஸில் கை வைக்கும் முன்பே தொகையை வாயால் சொல்லிவிடுவது. "ஐம்பது" என்று சொல்லிவிட்டு எண்ணினால், நிறத்தில் தப்பு செய்தாலும் ஐம்பதுதான். முறையாகத் தன் முறையில் வாயால் சொன்னது கட்டுப்படுத்தும் என்பது அநேகமாக எல்லா மேஜையும் ஏற்கும் விதி. இன்னொரு சிக்கலுக்கும் இதுவே மருந்து. முதலில் கால் செய்யும் அளவு சிப்ஸை வைத்துவிட்டு, திரும்பக் கையைப் பின்னால் கொண்டுபோய் ரெய்ஸுக்கான சிப்ஸை எடுத்துவருவதை ஸ்ட்ரிங் பெட் என்பார்கள். அதைச் சில வீடுகள் கண்டுகொள்வதில்லை, சில வீடுகள் கால் என்று மட்டுமே கணக்கில் எடுக்கும். வாயால் சொல்லிவிட்டால் எந்த வீட்டிலும் பிரச்சினை இல்லை.

அதேபோல் ஒற்றைச் சிப் விவகாரம். எதிரே 10 பெட் இருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு 100 சிப்பைப் போட்டால், அது கால், ரெய்ஸ் இல்லை. 2001-இல் தொடங்கிய டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் வகுத்த விதித்தொகுப்பில் இது உண்டு, கேஷ் ஆட்டங்களிலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். ஆனால் நண்பர்கள் வீட்டு ஆட்டத்தில் "அவர் ரெய்ஸ்தான் பண்ணினார், முகத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்று விட்டுவிடுவார்கள். எப்படி விடுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சீட்டு போடும் முறை. டீலர் பட்டன் (சீட்டு போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) சுற்றிவர அவரவர் சீட்டு போடுகிறார்களா, ஒருவரே போடுகிறாரா? ஒரு கட்டா, இரண்டா? இரண்டு கட்டு என்றால் ஒன்றைப் போடும்போது மற்றதை யார் கலைக்கிறார், கலைத்ததை எந்தப் பக்கம் வைக்கிறார், யார் வெட்டுகிறார்? ஃப்ளாப்புக்கு முன் மேல் சீட்டை ஒதுக்குகிறார்களா? அந்த ஒதுக்கலுக்குக் காரணம் மேல் சீட்டின் முதுகில் ஏதாவது அடையாளம் இருந்து யாராவது பார்த்திருந்தால் அந்த அனுகூலத்தை அழிப்பதுதான். வாய்ப்புக் கணக்கில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே ஒதுக்காத வீட்டில் ஒதுக்கச் சொல்லி வகுப்பு எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் கவனிக்க அரை மணி வேண்டும். அவரவர் சீட்டு போடும் மேஜையில் அரை மணிக்குப் பத்து, பன்னிரண்டு ரவுண்டு ஓடும். அதில் பெரும்பாலானவற்றை நீங்கள் எப்படியும் ஃபோல்ட் செய்யப் போகிறீர்கள்.

வீட்டு விதிகள், விசித்திர ஆட்டங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செல்ல விதி இருக்கும். எல்லாமே ஏதோ ஓர் இரவில் நடந்த கலாட்டாவிலிருந்து பிறந்தவை. அவற்றைக் கேலி செய்யாதீர்கள். உங்கள் வீட்டுச் செல்ல விதி வெளியாளுக்கு இதைவிடக் கிறுக்காகத் தெரியும்.

ஸ்ட்ராடில்: பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் சீட்டு பார்க்கும் முன்பே அதைப்போல் இரண்டு மடங்கு வைப்பது. 1-2 ஆட்டத்தில் 4. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ரவுண்டிலும் யாராவது ஸ்ட்ராடில் போடும் மேஜையில் உங்கள் 200 என்பது 100 மடங்கு இல்லை, 50 மடங்குதான். ஆட்டத்தின் விலை இரட்டிப்பாகிவிட்டது. அதற்கேற்ப ஆடுங்கள், அல்லது கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு-இரண்டு பரிசு: வேறு வேறு இனத்து 7, 2 என்ற மிக மட்டமான கையை வைத்து ஜெயித்தால், மேஜையில் இருக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கொஞ்சம் தர வேண்டும். இந்த விதி உள்ள வீட்டில் திடீர் பெரிய ரெய்ஸ் வந்தால் அது ஜோடி ஏஸாகவும் இருக்கலாம், 7-2 ஆகவும் இருக்கலாம்.

பாம் பாட்: எல்லோரும் ஒரே தொகையை வைத்துவிட்டு, முதல் பெட்டிங் சுற்றே இல்லாமல் நேராக ஃப்ளாப்பைப் பார்ப்பது. ரன் இட் ட்வைஸ்: ஆல்-இன் ஆனபின் மிச்சச் சீட்டுகளை இரண்டு முறை போட்டு, ஒவ்வொன்றுக்கும் பாதி. இதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் இரவு முழுக்க ஒரே பதில் சொல்லுங்கள். ஜெயிக்கும்போது ஒருமுறை, தோற்கும்போது இரண்டுமுறை என்றால் மரியாதை போய்விடும்.

டீலர் சாய்ஸ் வீடுகளில் (சீட்டு போடுபவரே எந்த ஆட்டம் என்று சொல்லும் வீடுகளில்) கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஓமாஹா என்றால் கையில் 4 சீட்டு. அதில் சரியாக 2, நடுவிலிருந்து சரியாக 3 எடுத்தே தீர வேண்டும். ஹோல்டெம் பழக்கத்தில் ஆடுபவர் மாட்டும் இடம் இதுதான்: நடுவில் நான்கு ஆர்டின் கிடக்கும், உங்கள் கையில் ஆர்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருக்கும், ஃப்ளஷ் என்று மனம் துள்ளும். ஃப்ளஷ் கிடையாது. கையில் இரண்டு ஆர்டின் வேண்டும். இன்னொன்று ஷார்ட் டெக்: 2 முதல் 5 வரை எல்லாச் சீட்டையும் நீக்கிவிட்டு 36 சீட்டில் ஆடுவது. அதில் ஃப்ளஷ் அரிதாகிவிடுவதால் வழக்கமாக ஃபுல் ஹவுஸை (ஒரே எண்ணில் மூன்று, கூடவே ஒரு ஜோடி) ஃப்ளஷ் அடிக்கும். ஏஸ்-6-7-8-9 ஒரு ஸ்ட்ரெய்ட் (வரிசையான ஐந்து சீட்டு). சீட்டு போடும் முன்பே "எது எதை அடிக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. சீட்டு விழுந்தபின் கேட்டால்தான் கையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

புரியாத ஆட்டம் வந்தால் அந்த ரவுண்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லலாம். ஒன்றிரண்டு முறை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வாயைக் கட்டுவது

"எங்க வீட்டுல..." என்று தொடங்கும் வாக்கியத்தை அன்றைக்கு ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன், முதல் இரவில் பதினொரு முறை சொல்லியிருக்கிறேன். பதினோராவது தடவை எதிரே இருந்தவர், "அண்ணே, உங்க வீட்டுக்கு எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், புரிந்துவிட்டது.

தீர்ப்பு சொல்லும் ஆசைதான் இருப்பதிலேயே அடக்கக் கஷ்டமானது. நேரில் பார்த்த ஒன்று: ஒருவர் 100 பெட். அடுத்தவரிடம் மொத்தம் 140-தான், ஆல்-இன். மூன்றாமவர் 140 கால். இப்போது முதலாமவர் 400 ஆக ஏற்றலாமா? பரவலான விதிப்படி கூடாது. ஆல்-இன் ஏற்றிய 40 ஒரு முழு ரெய்ஸ் இல்லை. முழு ரெய்ஸ் என்றால் குறைந்தது 200 ஆகியிருக்க வேண்டும். ஆகவே முதலாமவர் 40-ஐக் கட்டலாம் அல்லது விலகலாம், மறுபடி ஏற்ற முடியாது. வீட்டுக்காரர் "ஏத்துங்க" என்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் அந்த ரவுண்டில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அவர் தனியாக நின்றபோது மெல்லக் கேட்டேன். "இங்க எப்பவும் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்" என்றார். உண்மையும் அதுதான். ஒரு மணி நேரம் கழித்து அதே நிலைமை வந்தது, அதே தீர்ப்பு. புத்தக விதியோ வீட்டு விதியோ, ஆளுக்கு ஆள் மாறாமல் இருந்தால் உங்கள் பணத்துக்குப் பாதகமில்லை. தெரிந்துகொண்டபின் அந்த விதியை வைத்தே திட்டமிடலாம். ஆளைப் பார்த்துத் தீர்ப்பு மாறுகிறது என்றால் அடுத்த தடவை போகாதீர்கள், அவ்வளவுதான்.

பேசியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஷோடவுனில் (கடைசியில் சீட்டைக் காட்டும் கட்டத்தில்) ஒருவர் சீட்டை மல்லாத்தி வைத்துவிட்டார், தன்னிடம் இரண்டு ஜோடி என்கிறார், உண்மையில் ஸ்ட்ரெய்ட் இருக்கிறது, சிப்ஸ் தவறான ஆளிடம் நகர்கிறது. அப்போது யார் வேண்டுமானாலும், விலகியவர்கூட, சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மேஜையில் மல்லாந்த சீட்டுதான் பேசும், ஆள் சொன்னது கணக்கில்லை. ஆனால் அவர் இன்னும் சீட்டைக் கையில் மறைத்து வைத்திருந்தால் நீங்கள் மூச்சுவிடக் கூடாது. ஒரு கைக்கு ஓர் ஆள்: அவர் சீட்டை அவரே ஆட வேண்டும்.

நீங்களே ரவுண்டில் இருந்து, உங்கள் பணத்தைப் பாதிக்கும் தீர்ப்பு வந்தால்? நடந்ததை ஒருமுறை, குரல் உயர்த்தாமல், வரிசையாகச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் முடிவு சொன்னபின் விட்டுவிடுங்கள். ஒரு ரவுண்டு பணம் போனால் போகட்டும்.

உங்கள் அனுபவம் நிஜமாகவே உதவும் சமயமும் வரும், அவர்கள் கேட்டால் மட்டும். சைடு பாட் அப்படிப்பட்டது. மூன்று பேர் ஆல்-இன்: ஒருவரிடம் 35, இன்னொருவரிடம் 80, மூன்றாமவரிடம் 150. மேஜையே குழம்பி உங்களைப் பார்க்கிறது. சின்னதிலிருந்து தொடங்குங்கள். மூவரிடமிருந்தும் 35 எடுத்தால் 105, அது மெயின் பாட், மூவருக்கும் உரிமை. மீதியில் 80-க்காரரிடம் 45, பெரியவரிடமிருந்தும் அதே 45, ஆக 90, அது இருவருக்கு மட்டும். பெரியவரின் மிச்சம் 70-ஐத் தொட ஆளில்லை, அவருக்கே திரும்பும். இரண்டு குவியலையும் இடைவெளி விட்டு வைத்துவிட்டு, முதலில் சைடு பாட்டுக்கு யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த ரவுண்டிலும் கணக்குப்பிள்ளையாகிவிடக் கூடாது.

விலகியபின் ஃப்ளாப்பைப் பார்த்து "அய்யோ" என்று தலையில் அடித்துக்கொள்வது எல்லா மேஜையிலும் குற்றம்தான். உங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் விருந்தாளிக்கு அது இன்னும் உறுத்தலாகத் தெரியும்.

கைக்கு ஒரு வேலை

நடத்துபவரின் கை சும்மா இராது. அதை அடக்குவதைவிட ஒரு வேலை கொடுப்பது எளிது. இரண்டு கட்டு ஓடும் வீடு என்றால், "ரெண்டாவது கட்டை நான் கலைச்சு வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரித்துக் கலைக்கும் முறையில் 52 சீட்டும் நன்றாகக் கலைய ஏழு தடவை வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992-இல் காட்டினார்கள். வீட்டு மேஜைகளில் மூன்று தடவைக்கு மேல் யாரும் கலைப்பதில்லை. நீங்கள் ஏழும் செய்யலாம். நேரம் போகும், புண்ணியமும் சேரும்.

உங்கள் முறை வந்து சீட்டு போடும்போது கட்டைத் தாழ்வாகப் பிடியுங்கள், அடிச் சீட்டு யார் கண்ணிலும் படக் கூடாது. எழுந்து எட்டிப் போடாமல் மேஜையோடு சறுக்கிவிடுங்கள். நடுவே இருக்கும் சிப்ஸ், சில்லறை மாற்றுவது, பிளைண்ட் வைக்காதவரை நினைவுபடுத்துவது, எல்லாம் வீட்டுக்காரரின் இலாகா.

ஆட்டம் எப்படி இருக்கும்

நடத்துபவராக இருக்கும்போது நீங்கள் பாதி மனதோடுதான் ஆடியிருப்பீர்கள். ரீபை கணக்கு, வாசல் மணி, விளக்கு, யாருக்கு என்ன வேண்டும் என்ற நினைப்பு. முதல்முறையாக முழு மனதும் சீட்டில் இருக்கப் போகிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு: சும்மா உட்கார்ந்திருப்பது போரடித்து, ஆடக் கூடாத கையையெல்லாம் ஆடுவீர்கள். நான்கு மணி நேரத்தில் 90 ரவுண்டு ஓடினால், ஜோடி ஏஸ் ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. 221 ரவுண்டுக்கு ஒருமுறைதானே அது சராசரியாக வரும்! ஆக, நல்ல சீட்டு வரவில்லை என்று பொருமுவதில் அர்த்தமில்லை.

அந்தப் போரடிக்கும் நேரத்தில் ஆட்களைப் பாருங்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம், நீங்கள்தான் புதிது. அவர்களுக்குள் யார் யாரிடம் பிளஃப் செய்ய (மட்டமான சீட்டை வைத்து மிரட்ட) மாட்டார், யாருடைய ரெய்ஸுக்கு எல்லோரும் சட்டென்று விலகுகிறார்கள் என்பதில் பல வருடக் கதை இருக்கும். வீட்டுக்காரரையும் பாருங்கள். அவர் பாதி மனதோடு ஆடுவது தெரியும். எழுந்து போய் வந்தபின் அவசரமாக ஃபோல்ட் செய்வார். உங்கள் வீட்டில் நீங்கள் எப்படித் தெரிந்திருப்பீர்கள் என்று அப்போதுதான் உறைக்கும்.

ஜெயித்த சிப்ஸில் கொஞ்சத்தைப் பாக்கெட்டில் போட்டு வைப்பது எங்கேயும் தப்பு. ஆட்டம் முடியும்வரை எல்லாம் மேஜைமேல் இருக்க வேண்டும். சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் உட்காரும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பெரிய பாட் ஒன்றை ஜெயித்த பத்தாவது நிமிடம் திடீரென்று வேலை ஞாபகம் வருபவரை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.

கணக்கு முடிப்பது

சிப்ஸை நிறவாரியாக, இருபது இருபதாக அடுக்கி, மொத்தத்தைச் சொல்லி, வீட்டுக்காரர் எண்ணும்வரை காத்திருங்கள். இங்கே மட்டும் உங்கள் அடுக்கும் வெறிக்குத் தடையில்லை.

கணக்கு இடிக்கும். எல்லோர் சிப்ஸையும் கூட்டினால் வாங்கிய தொகையைவிட 40 கூடுதலாகவோ குறைவாகவோ வரும். காரணம் பெரும்பாலும் யாரோ எடுத்து எழுத மறந்த ஒரு ரீபை, அல்லது மேஜைக்கு அடியில் உருண்ட ஒரு சிப். வீட்டுக்காரர் வியர்த்துக்கொண்டிருப்பார். அப்போது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, "நான் வந்தவுடன் 200, பிறகு ஒருமுறை 100, மொத்தம் 300" என்று உங்கள் பங்கைத் தெளிவாகச் சொல்வது. இதற்காகவே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றிருந்தால் வாசலைத் தாண்டும் முன் கொடுத்துவிடுங்கள். புதியவர் கடன் சொல்வது அழகில்லை. நாற்காலி மடிக்க, குப்பை எடுக்க ஒரு கை கொடுங்கள். சீட்டுக்கட்டையும் சிப்ஸ் பெட்டியையும் அவரே எடுத்து வைக்கட்டும், அவருக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். மறுநாள் ஒரு நன்றி மெசேஜ்.

அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைப்பது

ஆட்டம் நடத்துபவர் விருந்தாளியாகப் போவதில் ஒரு சந்தேகம் எப்போதும் நிழலாக இருக்கும்: ஆள் பிடிக்க வந்திருக்கிறாரோ? ஆட்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இருவருக்குமே தெரியும். அதனால் முதல் இரவிலேயே அங்கிருப்பவர்களின் நம்பரை வாங்காதீர்கள். யாராவது தானாகக் கேட்டால்கூட, வீட்டுக்காரர் காதுபட, "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். முதலில் அவரை மட்டும் அழையுங்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று அவரே கேட்பார். அவர் ஆட்டம் வைக்கும் நாளில் உங்கள் ஆட்டத்தை வைக்காதீர்கள், வாரம் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அவர் என் வீட்டுக்கு வந்தார். சிப்ஸ் மதிப்பை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மூன்றாவது ரவுண்டில் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார், சாய்ந்து உட்கார்ந்தார், பிறகு அவர் கை மெதுவாக மேஜை நடுவே நகரத் தொடங்கியது. இரண்டாவது கட்டை அவர் பக்கம் தள்ளி, "இதைக் கொஞ்சம் கலைச்சு வைங்க அண்ணே" என்றேன்.